ஐந்து கம்பி பேஸ்

விலை குறைந்த பேஸ் கிதார் எல்லாம் மட்டம் என்று கடைக்காரன் சொன்னால் நம்பாதீர்கள், அனுராதா. அவன் பிழைப்பு அப்படி. உங்கள் கவிதாவுக்கு முதல் பேஸ் வாங்க வேண்டும், சனிக்கிழமை லால்பஜாருக்குக் கூட வர முடியுமா என்று படிக்கட்டில் கேட்டீர்கள். கையோடு, எங்கள் பிரியம்வதா ஏன் இப்போதெல்லாம் வாசிப்பதில்லை என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாயால் சொல்ல வந்தால் வளவளவென்று எங்கேயாவது போய்விடுவேன்.

முதலில் கிதார். கடைக்குள் போனதும் பளபளப்பில் மயங்காதீர்கள். நெக்கை, அதாவது கம்பிகள் ஓடுகிற நீளக் கழுத்தைப் பாருங்கள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அடிப்பக்கத்திலிருந்து நுனி வரைக்கும் குறி பார்க்க வேண்டும். நேராக இருந்தால் பாதிக் கவலை விட்டது. வில்லாக வளைந்திருந்தால் கம்பிகள் உயரத்தில் நிற்கும், ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் மல்லுக்கட்ட வேண்டும். நெக்குக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் திருகைச் சாவி போட்டுத் திருப்பினால் சின்ன வளைவு நிமிர்ந்துவிடும். திருகு அசைகிறதா என்று கண்ணெதிரே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை விடுங்கள். தலைப்பக்கம் தொங்கினால் வேண்டவே வேண்டாம். வாசிக்கிற நேரமெல்லாம் இடது கை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க நேரும். கடைசியாக, ஒயர் எதுவும் செருகாமல் தடித்த கம்பியைத் தட்டிவிட்டு, மரத்தில் காதை வையுங்கள். நல்ல மரமானால் அந்த அதிர்வு தாடை எலும்பு வரைக்கும் இறங்கும். அந்தச் சுகம் விலை உயர்ந்ததிலும் ஒன்றுதான், மலிவானதிலும் ஒன்றுதான்.

இந்தப் பாடம் எனக்குச் சும்மா வரவில்லை. கல்கத்தா துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே துர்கா பூஜை சீசனில் டாலிகஞ்ச் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களில் பேஸ் வாசித்தேன். யாரோ கொடுத்த நெக் வளைந்த பேஸில் இரண்டு வருஷம் வாசித்ததில் என் இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிற்று. எண்பத்தாறில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பொறுக்கிக் கொடுப்பதோடு சரி. லேக் கார்டன்ஸில் பாதிப் பிள்ளைகள் என்னை பேஸ் காக்கு, அதாவது பேஸ் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருவருக்கும் நான் கெட்ட கிதார் வாங்கிக் கொடுத்ததில்லை. ஒருவரைத் தவிர.

என் மனைவி ராஜலக்ஷ்மி தொண்ணூற்று மூன்றில் போய்ச் சேர்ந்தாள். அப்போது எங்கள் மகள் பாப்பாவுக்குப் பதின்மூன்று வயது. பிரியம்வதா என்பது பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் அவள் பாப்பாதான். வீடு வெறிச்சென்று கிடந்ததால் அவளுக்கு ஒரு பழைய சிவப்பு பேஸ் வாங்கிக் கொடுத்தேன். தங்கமான நெக். மூன்றே வருஷத்தில் அவள் என்னைத் தாண்டிப் போனாள். பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூற்றொன்பது குளிர்காலத்தில் அவள் கல்லூரி விழாவுக்கு பம்பாயிலிருந்து ரமேஷ்பாபு என்று ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரர் வந்திருந்தார். அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார். பரீட்சை முடிந்ததும் பம்பாய் வந்துவிடட்டும், தங்க ஏற்பாடு தன் பொறுப்பு, ஆனால் தன் பாட்டுகளுக்கு வழக்கமான நான்கு கம்பி போதாது, ஐந்து கம்பி பேஸ் வேண்டும், அதற்குள் பழகிக்கொள்ளட்டும் என்றார். காபி கொடுத்தேன். நல்ல மனுஷர். அவர் போன பிறகு பாப்பா சமையலறையில் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் யாரும் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்ததில்லை. அப்படியே நின்று கேட்டேன். இவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மெட்ரோ ஏறி லால்பஜார் போனோம். கடையில் ஐந்து கம்பி பேஸ் இரண்டு இருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. பழுப்பு இலேசானது, நெக் நூல் பிடித்த மாதிரி, விலையும் குறைவு. கறுப்பை மாட்டிப் பார்த்தேன். தலைப்பக்கம் சரிந்தது. குறி பார்த்தேன். வளைந்திருந்தது. பாப்பா வாசலில் டீ குடிக்கப் போன நேரத்தில் கடை மிஸ்திரி என் பக்கம் குனிந்து, தாதா, அதை எடுக்காதீர்கள், உள்ளே திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது என்று வங்காளியில் சொன்னான். தெரியும் என்றேன்.

பாப்பா இரண்டையும் வாசித்துப் பார்த்தாள். "அப்பா, பழுப்புதான் கைக்கு அடக்கமா இருக்குப்பா. கறுப்பு ரொம்ப இழுக்குது."

"அஞ்சு கம்பின்னா அப்படித்தாம்மா இருக்கும். கம்பி உயரமா நின்னாத்தான் நாதம் கனமா வரும். சுலபமானதுல பழகினா பம்பாய்ல கை நிக்காது."

கம்பி உயரம், கனமான நாதம் என்று சொல்கிற வித்வான்கள் உண்டு. முழுப் பொய் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பா எடுத்தால் சரி என்று சொன்னாள். சிவப்பை அந்தக் கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டேன். வீட்டில் வேறு கிதார் இருக்கக்கூடாது அல்லவா.

தினமும் நான்கு மணி நேரம் சாதகம் செய்தாள். இரண்டாவது மாதம் மணிக்கட்டு வலித்தது. வலித்தால்தான் கை பழகும் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தைலம் தேய்த்துவிடுவேன். அந்த அரைமணி நேரம் அவள் காலேஜ் கதை, சிநேகிதி கதை எல்லாம் சொல்வாள். அவ்வளவு பேச்சு எங்களுக்குள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. நான்காவது மாதம் டம்ளர் கையிலிருந்து நழுவியது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். டாக்டர் வாசிக்காதே என்பார், பம்பாய் போகவேண்டிய நேரத்தில் எதற்கு என்றேன். அவளும் பயந்து அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். இன்னும் இரண்டு மாதம் ஓடியது.

கடைசியில் போனபோது, முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். கை வந்தது, இரண்டு விரல் வரவில்லை. என்னுடைய அதே இரண்டு விரல். ரமேஷ்பாபு போன் செய்தபோது அவளே எடுத்து, வரமுடியாது சார் என்று சொன்னாள். வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அனுராதா. நடிப்பில்லை. பெற்றவன் மனசு தாங்குமா?

ஒரு நாள், ஒரு மணி நேரம், ஏதோ கோபத்தில் செய்தது என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அப்படி இல்லை. அந்த நெக் என்ன செய்யும் என்று என் விரலுக்கே தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். தினமும் தைலம் தேய்க்கும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அழுத்திப் பார்த்துக்கொண்டேன். அவள் கையைக் கெடுத்தவன் நான்தான். ஆனால் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இன்றைக்கும் அவளுக்கு ஜாடி மூடி திறந்து கொடுப்பவன் நான், தலை பின்னிவிடப் பழகிக்கொண்டவன் நான்.

போன வருஷம் பூஜைக்கு வீடு ஒழித்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்பு பேஸை எடுத்தாள். தூசி தட்டினாள். பிறகு, நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெக்கைக் குறி பார்த்தாள். சாவியை எடுத்துத் திருகில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"அப்பா, வாங்கும்போதே இது இப்படித்தான் இருந்ததா?"

"கல்கத்தா ஈரம்மா. மழைக்காலத்துல வளைஞ்சிருக்கும்."

அவள் திருகின் துருவை நகத்தால் சுரண்டினாள். "சரிப்பா" என்றாள். கிதாரைப் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சனிக்கிழமைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம், அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் கண் இப்போது என் கண்ணைவிடக் கூர்மை. கவிதாவுக்கு எது கைக்கு இதமோ அதையே எடுத்துக் கொடுப்பாள்.

எங்களுக்குள் மனத்தாங்கல் என்று ஒன்றும் கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அந்தப் பூஜையிலிருந்து என்னிடம் தமிழில் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். அப்பா என்பது போய் பாபா ஆகிவிட்டது. தட்டை வைத்துவிட்டு, "பாபா, கேயே நாவ்" என்பாள், சாப்பிடு என்று. படிக்கட்டில் அவள் உங்களோடு மணிக்கணக்கில் தமிழில் சிரித்துப் பேசுவது கதவுக்குப் பின்னால் நிற்கும் எனக்குக் கேட்கிறது. நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தானே.