ஆறு போட்ட மண்

சர்வேயர்: அந்தக் கம்பியைக் குடுப்பா. குத்திப் பார்த்தா தெரிஞ்சிடும்.

படகுக்காரர்: சார், சார்... செத்தவங்க படுத்திருக்கிற இடம். குத்தாதீங்க.

சர்வேயர்: யாரு படுத்திருக்கா?

படகுக்காரர்: எங்க அப்பா.

சர்வேயர்: அப்போ காலையில கரையில நின்னு, "பார்த்து ஏறுங்க, வழுக்கும்"னு என் கையைப் பிடிச்சு விட்டவரு?

படகுக்காரர்: அவரு... சித்தப்பா.

சர்வேயர்: நீ அவரை அப்பான்னுல்ல கூப்பிட்ட?

படகுக்காரர்: ஒரு பாசத்துல...

சர்வேயர்: யோவ், யார் காதுல பூ சுத்துற? போன வருஷ வெள்ளத்துக்கு முன்னாடி இந்தத் திட்டே கிடையாது. ஆத்து நடுவுல புதுசா முளைச்ச மண்ணு. அதுக்குள்ள எங்க பார்த்தாலும் சமாதி. ஊரே செத்துப்போச்சா என்ன?

மனைவி: பாதி செத்த மாதிரிதான் சார் இருக்கோம்.

சர்வேயர்: அந்தப் பக்கம் ஒண்ணுல மரக்கட்டை. ஒண்ணுல சாக்கு நிறைய செங்கல். இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. அவசரத்துல பிணத்தை வைக்க மறந்துட்டாங்க போல!

படகுக்காரர்: யாருக்கும் சொந்தமில்லாத மண்ணுல சமாதி இருந்தா, அது அந்தக் குடும்பத்துக்குன்னு சட்டம் சொல்லுதே சார்?

சர்வேயர்: வயசு வந்த ஆளோட சமாதியா இருக்கணும். குழந்தையோடதெல்லாம் கணக்குல வராது.

மனைவி: ஏன் வராது?

சர்வேயர்: குழந்தைக்கு எங்கம்மா சொத்தும் நிலமும்?

படகுக்காரர்: ஏய், நீ விடு, விடு... எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா சார். காய்ச்சல்ல போயிட்டா. பழைய கரை இடுகாட்டுல வச்சிருந்தோம். போன மாசம் ஆறு அதையும் அரிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு.

சர்வேயர்: அடடா...

படகுக்காரர்: நான் கரையில விழுந்து கதறுறேன். இவ கண்ணுல ஒரு சொட்டு வரணுமே! கல்லு மாதிரி நின்னா.

மனைவி: அழுதா ஆறு திருப்பித் தருமாய்யா?... சார், எங்க வயலை அரிச்சுது. வீட்டை அரிச்சுது. எல்லாத்தையும் கொண்டாந்து இங்கதான் கொட்டியிருக்கு. இது எங்க மண்ணு.

சர்வேயர்: இதுல எந்தப் பிடி உன்னோடது? காட்டு பார்க்கலாம்.

மனைவி: எந்தப் பிடி உங்களோடது? நீங்க காட்டுங்க.

படகுக்காரர்: ஏய்! சார்கிட்ட...

சர்வேயர்: இருக்கட்டும்யா. யாரும் உரிமை கேட்காத நிலம் அரசாங்கத்துக்கும்மா.

மனைவி: நாங்கதான் கேட்டுக்கிட்டே நிக்கிறோமே!

படகுக்காரர்: நிலாவுல போய்க் கொடி நட்டாங்களே சார்... அங்க யாரைப் புதைச்சாங்க?

சர்வேயர்: கொடி நட்டாலும் அது யாருக்கும் சொந்தமில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்கப்பா.

படகுக்காரர்: அப்போ அங்கேயே போயிடலாம். படகுதான் போகாது...

சர்வேயர்: பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உண்மையைச் சொல்லு. உள்ள என்ன?

படகுக்காரர்: ...கட்டைதான் சார். நானே வச்சேன். தார்ப்பாய்க்குக் கீழ கிடக்கிறோம் சார். அப்பான்னே எழுதிடுங்க, கால்ல விழறேன்.

மனைவி: நீ வாயை மூடுய்யா!

சர்வேயர்: எழுந்திரு. நான் எழுதினாலும் உனக்குக் கிடைக்காது.

படகுக்காரர்: ஏன் சார்?

சர்வேயர்: திட்டு வெளிய தெரிஞ்ச வாரமே மணல் கம்பெனிக்குக் குடுத்தாச்சு. எதுலயும் பிணம் இல்லன்னு நான் பார்த்துச் சொல்லணும். அதுக்குத்தான் இந்தக் கம்பி.

படகுக்காரர்: இதை வரும்போதே சொல்லியிருக்கலாமே... பாவி மாதிரி நானே துடுப்புப் போட்டுக் கூட்டிட்டு வந்தேனே!

சர்வேயர்: சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பியா? அதோ பாரு, பெரிய படகு. புல்டோசர் வருது. எல்லா மேட்டையும் இப்பவே தள்ளிடுவாங்க. கட்டைதானே, போனாப் போகுது. வாங்க, போயிடலாம்.

மனைவி: மண்வெட்டி எங்கய்யா?

படகுக்காரர்: படகுல கிடக்கு. எதுக்கு?

மனைவி: எடுத்துட்டு வா. ஓடு!

படகுக்காரர்: உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? ஒரு கட்டைக்காகவா இந்தப் பாடு?

சர்வேயர்: இரும்மா, நானே இந்தக் கம்பியால நெம்பி எடுத்துத் தர்றேன்...

மனைவி: ஐயோ, குத்தாதீங்க! அவரைப் பிடிய்யா... நீ வச்ச கட்டையை நான் அப்பவே ஆத்துல விட்டுட்டேன். தண்ணி இடுகாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே போய், இந்தக் கையாலேயே தோண்டி, என் சேலையில சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். உள்ள நம்ம பாப்பாய்யா.