இரட்டைத்தலை தேவதாருவுக்கு ஒரு சுத்தியல் அடி

சிரில்: சரி, அந்த மரம் வேண்டாம். அப்ப இது?

நேவா: இதுவும் வேண்டாம் மாமா. மரங்கொத்தி இருக்கு. மேல பொந்தைப் பாருங்க.

சிரில்: பக்கத்துல நிக்கிறது?

நேவா: அது செத்த மரம்.

சிரில்: செத்ததைக்கூட வெட்டக் கூடாதா?

நேவா: செத்த மரத்துலதான் வண்டு வாழும். அந்த வண்டு மத்த நாட்டுல ஏறக்குறைய இல்லாமலே போயிருச்சு.

சிரில்: உசிரோட நின்னா மரங்கொத்தி, செத்து நின்னா வண்டு. என் காட்டுல எல்லாத்துக்கும் வீடு இருக்கு நேவா. எம் பொண்ணு தியாஷா வீட்டுக்குத்தான் கூரை இல்ல.

நேவா: ஆரம்பிச்சிட்டீங்களா...

சிரில்: பின்ன? ஆஸ்திரியாவுல இருந்தவளைக் கெஞ்சிக் கூத்தாடி வரவெச்சிருக்கேன். அடுத்த மாசம் பனி கொட்ட ஆரம்பிச்சிரும். மோட்டு உத்தரத்துக்கு ஒரே ஒரு மரம் கேக்கறேன். என் காடு, என் மரம். ஆனா நீ வந்து நெஞ்சு உசரத்துல பெயிண்டைத் தடவி, வேர்ல சுத்தியலால முத்திரை அடிக்கணும். அப்பத்தான் நான் ரம்பத்தைத் தொடலாம். வேற எந்த ஊர்லயாவது இந்தக் கூத்து உண்டா?

நேவா: அதனாலதான் வேற ஊர்ல காடு இல்ல. நம்ம ஊர்ல இருக்கு.

சிரில்: அடேயப்பா. உங்க வன ஆபீஸ் டைரக்டர் மாதிரியே பேசற.

நேவா: வியாழக்கிழமை வெளிநாட்டு விருந்தாளிங்க காடு பார்க்க வர்றாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லணுமே. பழகிக்கறேன். "எங்க நாட்டுல பாதிக்கு மேல காடு. நூறு வருஷத்துக்கு முன்ன இருந்ததைவிட இப்ப அதிகம்..."

சிரில்: ஏன் அதிகம்னு சொல்லுவியா?

நேவா: நல்லாப் பராமரிக்கறோம்னு சொல்லுவேன்.

சிரில்: நல்லாச் சொன்ன போ. இதோ நாம நிக்கிற இடம் எங்கப்பா புல்லு அறுத்த இடம். எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு நான் அரிவாளைத் தூக்கிப் போட்டேன். ஊசியிலை மரம் தானா முளைச்சு வந்துருச்சு. எதிர்ச்சரிவுக்காரன் பையன் ஜெர்மனிக்குக் கார் ஓட்டப் போனான், அவன் மேய்ச்சல் நிலமும் காடாயிருச்சு. நாங்க ஓடினதையும் படுத்துக்கிட்டதையும் அளந்து எடுத்துக்கிட்டுப் போய் நாட்டோட பெருமைன்னு படம் போட்டுக் காட்டறீங்க.

நேவா: இதை வியாழக்கிழமை பேசிராதீங்க.

சிரில்: நான் எதுக்குப் பேசறேன்? என்னை யாரு கூப்பிட்டா?

நேவா: ...நான் கூப்பிடலாம்னுதான் இருக்கேன்.

சிரில்: என்னையா?

நேவா: ஒரு உதவி மாமா. பெருசா ஒண்ணுமில்ல.

சிரில்: ஓஹோ. அதான் சங்கதி. ஒரு மரம் குறிக்க இவ்வளவு காலையில ஓடி வந்திருக்காளேன்னு அப்பவே நினைச்சேன். எனக்காக வந்திருக்கான்னு எம் பொஞ்சாதி வால்நட் ரொட்டிகூடச் சுட்டு வெச்சிருக்கா. சொல்லு, என்ன உதவி?

நேவா: அவங்க ஆந்தையைப் பார்க்க வர்றாங்க. நீள வால் ஆந்தை இருக்குல்ல... ஊத்துக்கு மேல.

சிரில்: ஊத்துக்கு மேலயா?

நேவா: ஆமா. இரட்டைத்தலை தேவதாருவுல.

சிரில்: இரட்டைத்தலையிலயா?

நேவா: என்ன மாமா, முகம் மாறிடுச்சு?

சிரில்: ஒண்ணுமில்ல. ஏப்பம். நீ சொல்லு.

நேவா: அவங்க வந்ததும் நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாயங்காலமானா ஆந்தை கத்தறது உங்க வீட்டு வரைக்கும் கேக்குதுன்னு. நான் சொன்னா ஆபீஸ்காரி சொல்றான்னு நினைப்பாங்க. நீங்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டுச் சொன்னா நம்புவாங்க.

சிரில்: எனக்குத்தான் கேக்கலையே.

நேவா: உங்களுக்குக் காது மந்தம்னு அத்தையே சொல்றாங்க.

சிரில்: அவ பேசறது கேக்காத மாதிரி இருக்கறதுதான் எங்க வீட்டு நிம்மதி. அது வேற, ஆந்தை வேற. சரி, அவங்க மரத்துக்கிட்டயே போய்ப் பார்ப்பாங்களா?

நேவா: இல்ல இல்ல. கீழ, காட்டுப் பாதை தொடங்குற மரக்கதவு பக்கத்துலயே நிறுத்திருவேன். பக்கத்துல போனா ஆந்தைக்குத் தொந்தரவு. தூரத்துல இருந்து பைனாகுலர் வெச்சுப் பார்க்கட்டும்.

சிரில்: அங்கருந்து பார்த்தா இலைதான் தெரியும்.

நேவா: இலையைப் பார்க்கட்டும். ஆந்தை தூங்குதுன்னு சொல்லிக்கலாம்.

சிரில்: ரொம்ப நல்ல யோசனை. தூங்கட்டும். பாவம்.

நேவா: நீங்க இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவீங்கன்னு நினைக்கல.

சிரில்: நான் எப்பவும் சட்டத்தை மதிக்கறவன்.

நேவா: அந்தக் கூடையில இருக்கிற காளான் சட்டம் அனுமதிக்கிற எடைக்குள்ளதானா?

சிரில்: கூடை கனம். காளான் கொஞ்சம்தான்... சரி, இப்ப என் உதவிக்கு வருவோம். நான் ஆந்தை கத்துதுன்னு சொல்றேன். தேவைப்பட்டா நானே கத்திக்கூடக் காட்டறேன். நீ ஒரு மரத்துக்கு முத்திரை போடு.

நேவா: போடறேன்னுதான் வந்தேன். அந்தக் கோணல் ஊசியிலையை எடுத்துக்கோங்க. நல்ல கட்டை.

சிரில்: அது வேண்டாம்.

நேவா: சரி, ஓடையோரம் நிக்கிற பெரிய மரம்?

சிரில்: அதுவும் வேண்டாம்.

நேவா: அப்ப எதுதான் வேணும்?

சிரில்: இரட்டைத்தலை.

நேவா: ...மாமா, இப்பத்தானே சொன்னேன்?

சிரில்: கேட்டுது. காது நல்லாத்தான் கேக்குது.

நேவா: அந்த மரத்தைப் பார்க்கத்தான் வெளிநாட்டுல இருந்து ஆள் வர்றாங்க. அதுக்குப் போய் வெட்டுக்குறி போடச் சொல்றீங்களே.

சிரில்: பெயிண்ட் வேண்டாம். பெயிண்ட் பளிச்சுன்னு தெரியும். வேர்ல மட்டும் ஒரு அடி. யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?

நேவா: அந்த மரத்து மேல ஏன் இப்படி ஒரு பிடிவாதம்?

சிரில்: உத்தரத்துக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. மேலதான் பனிப்புயல்ல ஒரு தலை ஒடிஞ்சு பொந்தாப் போச்சு. கீழ கல்லு மாதிரி.

நேவா: உங்க பக்கத்து வீட்டு ஸ்லாவ்கோ வேற மாதிரி சொன்னாரே. தியாஷா வீட்டுல கூரை போட்டு ரொம்ப நாளாச்சு, சிவப்பு ஓடு ரோட்டுல இருந்தே தெரியுதுன்னு.

சிரில்: அது விறகுக் கொட்டகை.

நேவா: விறகுக் கொட்டகைக்குப் புகைபோக்கியா?

சிரில்: ஸ்லாவ்கோ சொல்றதையெல்லாம் நம்பினா, போன வருஷம் அவன் ஆட்டை எடுத்தது கரடின்னும் நம்பணும். கொடியில காயப்போட்டிருந்த கறியைக் கரடியா உப்புத் தடவிக் கட்டிச்சு?

நேவா: பேச்சை மாத்தாதீங்க.

சிரில்: நீதான் மாத்தற. இப்ப ஒண்ணு செய்யலாம். நீ மேல ஏற வேண்டாம். பாதை செங்குத்து, உண்ணி வேற கடிக்கும். சுத்தியலை எங்கிட்டக் குடு. நான் ஓடிப் போய் ஒரு அடி அடிச்சுட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் நீ இங்க உக்காந்து புளூபெர்ரி சாராயம் குடி.

நேவா: இந்தச் சுத்தியல் என் கையை விட்டுப் போகக் கூடாது. போச்சுன்னா என் வேலை போச்சு.

சிரில்: அப்ப வா, சேர்ந்தே போவோம்.

நேவா: ...இப்பவா?

சிரில்: இப்பத்தான். காலையிலயே போயிட்டு வந்துரலாம்.

நேவா: இல்ல, எனக்கு முட்டி சரியில்ல. அப்புறம், மேல குட்டி போட்ட கரடி திரியுதுன்னு சொன்னாங்க.

சிரில்: ஆமாமா. நானும் கேள்விப்பட்டேன். போக வேண்டாம்.

நேவா: வேண்டவே வேண்டாம்.

சிரில்: பெரிய கரடி.

நேவா: ஆமா, பெருசுதானாம்.

சிரில்: ...நாம ரெண்டு பேரும் என்னைக்கு இப்படி ஒத்துப் போயிருக்கோம்?

நேவா: எனக்கும் அதான் ஆச்சரியமா இருக்கு.

சிரில்: இந்தா, குடி. வீட்டுல காய்ச்சினது. இங்க பாரு நேவா, சின்ன வயசுல இருந்து உன்னைப் பார்க்கறேன். தியாஷாவும் நீயும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. மனசு விட்டுச் சொல்லு. அந்த மரத்துக்கு ஒரு அடி குடுத்தா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?

நேவா: மனசு விட்டே சொல்றேன். எல்லாமே போயிரும் மாமா. டைரக்டர் இந்த வட்டாரத்துல இருக்கிற காட்டையெல்லாம் விட்டுட்டு இங்க ஆளைக் கூட்டிட்டு வரக் காரணமே அந்த ஒரு கூடுதான். பக்கத்து வட்டாரத்துல எவனும் காட்ட முடியல. போன கூட்டத்துல எல்லாரும் வரிசையா எழுந்து, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல, வெட்டு அதிகமாயிருச்சு, ஆந்தை போயிருச்சுன்னு தலையைத் தொங்கப் போட்டாங்க. எம் முறை வந்துச்சு. நான் எழுந்து எங்கிட்ட இருக்குன்னேன். டைரக்டர் எழுந்து வந்து கை குடுத்தாரு. அந்த ஆளு சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

சிரில்: அப்படிப் போடு. என்ன சொன்ன, சரியாச் சொல்லு.

நேவா: கூட்டுல ரெண்டு குஞ்சு இருக்குன்னு சொன்னேன்.

சிரில்: ரெண்டு குஞ்சு.

நேவா: ஆமா. சாம்பல் நிறம், பஞ்சு மாதிரி.

சிரில்: பஞ்சு மாதிரி... அழகா இருந்திருக்குமே. நீயே பார்த்தியா, இல்ல எவனாவது சொன்னானா?

நேவா: நானே பார்த்தேன். தாய் ஆந்தை பாய்ஞ்சு வந்து என் ஹெல்மெட்டைப் பிறாண்டிருச்சு. இன்னும் கீறல் இருக்கு.

சிரில்: ஐயோ பாவம். கண்ணுல படலையே?

நேவா: நல்லவேளை, படல.

சிரில்: வேற ஏதாவது மரமா இருக்கப் போகுது. காட்டுக்குள்ள போனா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும்.

நேவா: எனக்கா? எத்தனை வருஷமா இந்தக் காட்டுல நடக்கறேன். ஊத்துக்கு நேர் மேல, பாறையை ஒட்டி, ஒரு தலை ஒடிஞ்சு நிக்குது. அந்த மாதிரி மரம் இந்த மலையிலயே ஒண்ணுதான்.

சிரில்: ஒண்ணுதான். அது உண்மை. அந்தப் பொந்துலயேதானா?

நேவா: அந்தப் பொந்துலதான்.

சிரில்: எப்ப? போன வருஷமா?

நேவா: போன வருஷம் இருந்தா என்ன பெருமை? இந்த வருஷம்தான். மே மாசம். செர்ரி பூத்து உதிர்ந்த பிறகு.

சிரில்: நல்லா யோசிச்சுச் சொல்லு. மே மாசம்?

நேவா: மே மாசம். வேணும்னா எங்கம்மா மேல சத்தியமாச் சொல்லட்டுமா?

சிரில்: வேண்டாம்மா. உங்கம்மா நல்லவங்க, நல்லா இருக்கட்டும்.

நேவா: ...ஏன் சிரிக்கிறீங்க?

சிரில்: சிரிக்கல.

நேவா: தோள் குலுங்குது.

சிரில்: சாராயம் புரையேறிடுச்சு. அப்பாடா... நேவா, நான் ராத்திரியெல்லாம் தூங்கல, தெரியுமா? வியாழக்கிழமை ஆளுங்க மேல ஏறிட்டா என்ன செய்யறது, நீ இன்னைக்கு ஏறிட்டா என்ன செய்யறதுன்னு புரண்டு புரண்டு படுத்தேன். எம் பொஞ்சாதி எழுந்து போய் வேற அறையில படுத்துக்கிட்டா. இப்பத்தான் மூச்சு வருது.

நேவா: எனக்குப் புரியல. ஏறினா என்ன?

சிரில்: எனக்கு ஏன் பெயிண்ட் வேண்டாம், வேர்ல ஒரு அடி மட்டும் போதும்னு நீ இன்னும் கேக்கலையே?

நேவா: ஏன்?

சிரில்: பெயிண்ட் அடிக்கணும்னா நெஞ்சு உசரத்துக்கு மரம் இருக்கணும்ல.

நேவா: ...மாமா.

சிரில்: சுத்தியலை எடு, மெதுவா ஏறுவோம். கரடியெல்லாம் ஒண்ணும் இல்ல, அது உனக்கும் தெரியும். வியாழக்கிழமை அந்த விருந்தாளிங்களை மரக்கதவு பக்கத்துல நிறுத்தி இலையைக் காட்டாதே, பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்க. நேரா தியாஷா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. கூடத்துல உக்காரவெச்சு, காபி குடுத்து, மோட்டுவளையை அண்ணாந்து பார்க்கச் சொல்லு. நீ மே மாசம் ரெண்டு குஞ்சு பார்த்தியே, அந்த மரத்தை நான் பிப்ரவரியிலயே வெட்டி அங்க ஏத்திட்டேன்.