கல்யாணப் படி

ஆர்ச்சி: சிரிக்காதடா லயனல்! முப்பது வயசு ஆகாத லெப்டினன்டுக்கு அப்போ பட்டாளத்துல கல்யாணப் படி, அதான் குடும்பச் செலவுக்குத் தர்ற பணம், கிடையாது. கர்னல் அனுமதியும் கிடையாது. எனக்கு இருபத்தஞ்சு. வேற என்ன பண்றது?

லயனல்: அதுக்காக, கட்டின பொண்டாட்டிய சித்தப்பா பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லுவியா?

ஹெஸ்டர்: எல்லாம் இவரு மூளைதான்...

ஆர்ச்சி: பட்டாளம் இருந்த ஆல்டர்ஷாட் ஊர்ல, சைக்கிள் கடை மாடியில ஒத்தை ரூம். குளிருக்குக் கணப்புல போடக் கரி வாங்கக் காசிருக்காது. என் பட்டாளத்துக் கோட்டைத்தான் ரெண்டு பேரும் போத்திக்குவோம். அந்த சுகம் அப்புறம் பங்களாவுல வரலடா...

ஹெஸ்டர்: வரலதான். ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா நான் இவருக்குத் தங்கச்சியா நடிக்கணும். கர்னல் வீட்டு டீ விருந்து!

ஆர்ச்சி: நீ, நான், நம்ம பட்டாளத்து ஆபீசருங்க எல்லாரும் இருந்தப்ப, அங்கதானே மாட்டினோம்! இவ என்னைக் கேக்காமலே என் கப்புல மூணு கரண்டி சர்க்கரை போட்டா. கர்னல் சம்சாரம் பார்த்துட்டாங்க. "கேக்காம சர்க்கரை போடறது பொண்டாட்டிதான்... நீ நிஜமா யாரும்மா?"ன்னாங்க. வேலை போச்சுன்னே நெனச்சேன்.

லயனல்: மூஞ்சி வெளுத்துப் போச்சு உனக்கு.

ஆர்ச்சி: அப்பப் பார்த்து நீ மண்டி போட்டு, "ஹெஸ்டர், என்னைக் கட்டிக்கிறியா?"ன்னே பாரு! என்னா நடிப்பு! அந்தம்மா அப்படியே நம்பிட்டாங்க.

லயனல்: நீங்க புருஷன் பொண்டாட்டின்னு நான்தான் முன்னாடியே மோப்பம் புடிச்சிட்டேனே...

ஆர்ச்சி: இவ "யோசிச்சுச் சொல்றேன்"னா. எனக்கு முப்பது ஆகற வரைக்கும் யோசிச்சா! ஹா ஹா... இரு, இன்னிக்கு டீ என் கையால, உள்ள போய்ப் போட்டுட்டு வரேன். முப்பது வருஷம் கழிச்சு வந்திருக்கே.

லயனல்: மெதுவாப் போடா, கிழவா.

ஹெஸ்டர்: ...லயனல்.

லயனல்: ம்?

ஹெஸ்டர்: அன்னிக்கு நடிக்கறதுன்னா... மோதிரம் எதுக்கு?

லயனல்: எந்த மோதிரம்?

ஹெஸ்டர்: உங்க கோட்டுப் பையில. பெட்டி பாதி வெளிய தெரிஞ்சுது. சட்டுனு உள்ள தள்ளினீங்க.

லயனல்: ...பார்த்துட்டியா?

ஹெஸ்டர்: எங்க விஷயம் உங்களுக்கு அப்போ தெரியாது. நிஜமாத்தான் கேட்டீங்க.

லயனல்: ...அவன்கிட்ட சொன்னியா?

ஹெஸ்டர்: எதுக்குச் சொல்லணும்?

லயனல்: அதனாலதான் ஹெஸ்டர், அப்புறம் நான் இந்தப் பக்கமே...

ஆர்ச்சி: அங்க என்ன குசுகுசுன்னு? டேய் லயனல், உனக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?

ஹெஸ்டர்: அவருக்கு ஒண்ணரை, ஆர்ச்சி. பாலுக்கு முன்னாடி போடுங்க.