ஒத்த ரூவா

ஒத்த ரூவாய்க்கு ஏண்ணே இம்புட்டு யோசிக்கிறீக? நம்ம கிளப்பு ஸ்னூக்கர் போட்டிக்கு முதல் பரிசு இருபத்தஞ்சாயிரம் தாரேன்னு தாராளமாச் சொல்லிட்டீக. அதோட ஒரு ரூவா சேத்து, இருபத்தஞ்சாயிரத்து ஒண்ணா அறிவிச்சுப்புடுவோம். கல்யாண வீட்டு மொய்யையே நம்ம ஊருல சைபர்ல முடிக்க மாட்டாக. உபயம் கானாடுகாத்தான் தண்டாயுதபாணின்னு உங்க பேரு பிளெக்ஸுல நிக்கப் போவுது. பக்கத்துல தொகை மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?

என்னது, மேடையில குடுக்குற அட்டைச் செக்கு அடிக்கக் குடுத்தாச்சா? அதனாலென்ன. பிளெக்ஸ் கடை மாயக்கண்ணன் நம்மாளுதான். ஒரு போனு போட்டா மாத்திப்புடுவான்.

யாரு செயிப்பான்னா? நல்லாக் கேட்டீக போங்க. அழகுராஜாதான். நாலு வருசமா அவந்தான். டவுன் பஸ் டிரைவருண்ணே. டூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையோட வருவான், வடை தின்ன கையைப் பேண்டுல தொடைப்பான், கிளப்புல சாத்தி வச்சிருக்குற ஸ்டிக்குல ஏதோ ஒண்ணை எடுப்பான். குனிஞ்சான்னா முடிஞ்சுபோச்சு. எல்லாப் பந்தையும் குழியில தள்ளிட்டு, கடைசிக் கருப்புப் பந்தைப் போடுறப்ப எங்குட்டோ பாத்துக்கிட்டு எவங்கூடவோ கதை பேசுறான்ணே!

நானா? நாலு வருசமும் ரெண்டாவது. சிரிக்காதீக. சென்னையிலேருந்து தனியா ஸ்டிக்கு வரவழைச்சிருக்கேன், பையோட. கைக்கு உறை வேற. டைல்ஸ் கடையை அடைச்சா நேரா கிளப்புதான். அவனுக்கு ஸ்டிக்கு பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தாண்ணே. போன வருசம் எம் பொண்டாட்டி மஹாலட்சுமி அவன் கோப்பையோட நிக்கிற போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சிருக்கா. ஏண்டின்னு கேட்டா, ஓரத்துல உங்க முழங்கை தெரியுதுல்லங்கிறா.

ஆமாண்ணே, பொறாமைதான். வயிறு பத்திக்கிட்டு எரியுது. கெட்டவனா இருந்தாலாச்சும் வஞ்சுட்டுப் போயிரலாம். பரிசு வாங்குன கையோட மைக்கைப் பிடிச்சு, எல்லாம் வீரபாண்டி அண்ணன் போட்ட பிச்சைன்னுட்டு எங் கால்லயே விழுகுறான். அதுக்கும் சனம் அவனுக்குத்தான் கை தட்டுது, என்னா அடக்கம்டான்னு.

அப்புறம் அவனுக்குப் போற பரிசை நான் ஏன் கூட்டச் சொல்றேனா?

ம்... உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எங்க கமிட்டியில ஒரு சட்டம் இருக்குண்ணே. காசுக்குன்னே ஆடுற ஆளுக வெளியூருலேருந்து வந்து அள்ளிட்டுப் போனாய்ங்கன்னு போட்டது. ஒரே பரிசா இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல வாங்கிட்டா அவன் தொழில் ஆட்டக்காரன். ஆசைக்கு ஆடுற எங்க போட்டிக்கு அப்புறம் அவன் வரக் கூடாது. இருபத்தஞ்சுன்னா சட்டத்துக்குள்ள நிக்குது. அந்த ஒத்த ரூவா விழுந்துச்சுன்னு வைங்க... ஆங். அம்புட்டுத்தான். மாலை மரியாதையோட அனுப்பிப்புடலாம்.

பாவம்கிறீகளா? என்னண்ணே பாவம், சுளையா உங்க பணத்தை வாங்கிட்டுல்ல போறான்! நான் என்ன பெருசாக் கேக்குறேன்? ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையை எங்க வீட்டு டிவி மேசையில வைக்கணும். அம்புட்டுத்தானே.

என்ன கேட்டீக?

இந்த வருசம் நானே செயிச்சுட்டா, நானும் அப்புறம் ஆட முடியாதேன்னா?

நானா?

அட... ஆமால்ல. ஒரு மாசமாத் தூங்காம இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டுக் கெடக்கேண்ணே. அதுல இந்த வருசம் நான் செயிக்கிற மாதிரி ஒரு தடவைகூட வரலியே.