தேனீக்களிடம் முன்கூட்டிச் சொன்ன சாவு

கறுப்பு எனக்கு எடுப்பான நிறம், நீதிபதி ஐயா. இது நானாகச் சொல்லிக்கொள்வதல்ல. எங்கள் ஊர்த் தையற்காரி மூன்றரை வருஷத்தில் எனக்கு நான்கு முறை துக்க உடை தைத்தாள். நான்காம் முறை ஊசிகளை வாயில் கவ்வியபடியே, "மத்தவங்க கறுப்புல காக்கா மாதிரி இருப்பாங்க. நீங்க மட்டும் ராணி மாதிரி இருக்கீங்கம்மா" என்றாள். அவளுக்கும் அது நல்ல காலம்தான்.

காலையிலிருந்து நீங்கள் என்னிடம் அன்பாகவே பேசுகிறீர்கள். 'நரம்புத் தளர்ச்சி' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை என் பக்கம் தள்ளி, தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். வெளியே தாழ்வாரத்தில் என் கணவர் என் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன். உங்கள் எழுத்தரைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக எழுதச் சொல்லுங்கள்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுத்தார்கள். பியானோ, நல்ல கையெழுத்து, ஓர் அறைக்குள் எப்படி நுழைவது, எப்படி வெளியேறுவது, எல்லாம் வந்தது. 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது என்பது மட்டும் பாடத்தில் இல்லை. பத்தொன்பது வயதில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் சாப்பாட்டு மேசையில் நோட்டரி மெஸியே பிதோ உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லாருடைய பத்திரங்களையும் எழுதுகிறவர். தம் வயிற்றுப் பொருமலைப் பற்றி வாத்துக்கறி வரும்வரை பேசினார்.

"அம்மா, அவருக்கு நாப்பத்தாறு வயசு" என்றேன்.

"அதுக்கென்னடீ? அந்த வயசு ஆம்பளை எங்கயும் ஓடிப் போகமாட்டான்."

"சூப்பை உறிஞ்சுறார்மா."

"உங்கப்பாவும்தான் உறிஞ்சுறார். ரெண்டு வருஷத்துல காது பழகிடும்."

கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும்; ஒரு ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டாம் ஞாயிற்றுக்குள் அப்பாவின் சிற்றப்பா லிசியூவில் இறந்துபோனார். அதில் எனக்குப் பங்கில்லை. தொண்ணூற்றொரு வயது, தானாகவே போனார். எழுத்தர் அதைத் தெளிவாகப் போடட்டும். எங்களுக்கு மூன்று மாதத் துக்கம் வந்தது. மெஸியே பிதோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "துக்கத்துல இருக்கிற பொண்ணை அவசரப்படுத்துறது மரியாதை இல்ல. நான் காத்திருக்கேன்" என்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் வார்த்தைக்கு அசையாத மனிதர்கள் மூன்று முழம் கறுப்புத் துணிக்குத் தலை வணங்கினார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அத்தை மாமா என்றால் மூன்று மாதம். தாத்தா என்றால் ஆறு. பெற்றவர் போனால் முழு வருஷம். மூன்று மாதம் முடிந்து கறுப்பிலிருந்து சாம்பல் நிற உடைக்கு மாறியதுமே அம்மா கல்யாணத் தேதி பார்க்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டோடு இருந்த எர்மினி அத்தை தினமும் மத்தியானம் மூலிகைக் கஷாயம் குடிப்பாள். கஷாயம் வைப்பது என் வேலை. எந்தச் செடி எதற்கு நல்லது, எதைக் கையால்கூடத் தொடக்கூடாது என்றெல்லாம் மடத்தில் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் கவனமாகக் கேட்கிற மாணவி.

அத்தை நல்லவள். அவளுக்கு நான் முழு மூன்று மாதமும் கறுப்பு உடுத்தினேன், ஒருநாள்கூடக் குறைக்கவில்லை. பிறகு தாத்தா. அவரும் கஷாயம் குடிப்பவர்தான். தியோஃபில் என்று ஒரு பெரியம்மா மகன் இருக்கிறான், என் பின்னலைப் பிடித்து இழுத்தே வளர்ந்தவன். ஆனால் பெரியம்மா மகனுக்கு வெறும் பதினைந்து நாள். அதற்காக மெனக்கெட முடியுமா? அவன் இன்றைக்கும் கொழுகொழுவென்று இருக்கிறான்.

அப்பாவை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. தோட்டத்துக் கோடியில் ஆறு தேன்கூடுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு எஜமான் இறந்தால் ஒவ்வொரு கூட்டிலும் கறுப்புத் துணி கட்டி, கூட்டை விரலால் தட்டி, "உங்க எஜமான் போயிட்டார்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு போய்விடும், அல்லது கூட்டிலேயே செத்துவிடும். அப்பா காலை பத்து மணிக்குப் போனார். பாதிரியாரும் டாக்டரும் வந்த களேபரத்தில் நான் தோட்டத்துக்குப் போனபோது தேனீக்களெல்லாம் ஆப்பிள் பூவுக்குக் கிளம்பிவிட்டிருந்தன. நான்கு நாளில் இரண்டு கூடுகள் காலி. காலிக் கூட்டைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அப்பாவின் மேல் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பாசம் என்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வருஷம் முடிந்ததும் அம்மா என்னை உட்கார வைத்துப் பேசினாள். அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை; வெறும் களைப்பு.

"இதப் பாருடீ, இனிமே நானே செத்தாலும் கல்யாணம் நிக்காது. பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். கறுப்புலயே மோதிரம் மாத்திக்கோ."

ஆக அம்மா பிழைத்தாள். அன்று சாயங்காலம் தெருவில் விதவை மதாம் லெஸ்காலியே தன் குதிரை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மடியில் நாய்க்குட்டி. பிடித்தவர்களை வீட்டுக்கு அழைக்கிறாள், பிடிக்காதவர்களுக்குக் கதவைச் சாத்துகிறாள், தன் பெயரைத் தானே கையெழுத்துப் போடுகிறாள். மகளாக இருந்தால் அப்பா கையெழுத்து, மனைவியாக இருந்தால் கணவர் கையெழுத்து. விதவைக்கு மட்டும்தான் சொந்தக் கை உண்டு. இத்தனை வருஷம் தப்பான ஆட்களுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேனே என்று சிரிப்பு வந்துவிட்டது. "தேதி வைங்கம்மா" என்றேன். அம்மா சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து மெஸியே பிதோ எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். குறை சொல்ல முடியாத கணவர். என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடுவார், எனக்கு வரும் கடிதங்களை முதலில் தானே பிரித்துப் படித்துவிட்டுத் தருவார். சூப்புச் சத்தத்துக்கு என் காது பழகவில்லை. மே மாதம்வரை பொறுத்தேன்.

இந்த முறை தேனீக்களை இழக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். காபி ஏழு மணிக்கு. தேனீக்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடும். அதனால் ஆறு மணிக்கே போய் நான்கு கூடுகளுக்கும் கறுப்புத் துணி கட்டித் தட்டிச் சொல்லிவிட்டு வந்து காபியைக் கலந்து வைத்தேன். அன்றைக்கென்று அவருக்குப் பல்வலி. கோப்பையை வாயில் வைக்காமல் கையில் ஏந்திக்கொண்டே தூக்கத் தொப்பியோடு தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"இது யாருக்குத் துக்கம், கண்ணு?"

"நம்ம வீட்டுக்குத்தாங்க."

"நம்ம வீட்ல யாரு போனாங்க?"

மாடி ஜன்னலில் அம்மா பாடிக்கொண்டிருந்தாள். அவர் அந்த ஜன்னலைப் பார்த்தார், கூடுகளைப் பார்த்தார். தேனீக்குக் கறுப்பு கட்டுவது யாருக்கு என்று எங்கள் பக்கத்தில் பால்காரிக்குக்கூடத் தெரியும். பிறகு மெதுவாகக் கோப்பையைப் பார்த்தார்.

"குடிங்க, ஆறிடும்" என்றேன்.

நோட்டரி அல்லவா? காபியை ஒரு புட்டியில் ஊற்றி, மெழுகு முத்திரை வைத்து, தேதியும் கையெழுத்தும் போட்டார். அதுதான் உங்கள் மேசைமேல் இருக்கிறது. கோபத்தில் உங்களிடம் கொண்டுவந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான், மனைவி இப்படிப்பட்டவள் என்று தெரிந்தால் யார் தன்னிடம் உயில் எழுத வருவார்கள் என்று யோசித்திருக்கிறார். இன்று காலை வாசலில் என் கையைப் பிடித்து, "வீட்டுக்கு வா, கண்ணு. இனிமே காபி நானே போட்டுக்கிறேன்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். இன்னும் முப்பது வருஷம் சூப்பு குடிப்பார்.

என் வாக்குமூலத்தின் அடியில் கணவர் சம்மதத்துக்கு இடம் விட்டிருக்கிறார் எழுத்தர். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மனைவி தன் பெயரில் ஒரு கோழிக்கூண்டு விற்கவும் கணவர் கையெழுத்து வேண்டும், குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்கும்போது மட்டும் வேண்டாம். என் கணவரே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்ன சட்டம்தான். எர்மினி அத்தை, தாத்தா, அப்பா என்று மூன்று பேரையும் வரிசையாகப் போட்டுவிட்டு, கணவர் பெயரைக் கடைசியில் 'முயற்சி' என்று போடுங்கள். பேனாவை இப்படிக் கொடுங்கள்.

வாழ்நாளில் நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, ஐயா. மடத்தில் விசாரித்துப் பாருங்கள், சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்பார்கள்.

ஒரே ஒரு உதவி. என் சாவுக்கு நாள் குறித்ததும், அதற்கு முதல் நாளே யாரையாவது தோட்டத்துக்கு அனுப்புங்கள். எஜமானுக்கு மட்டும்தான் கறுப்புத் துணி கட்டுவார்கள் என்று என் கணவர் மறுப்பார். காதில் வாங்க வேண்டாம். காலை ஆறு மணிக்கே சொல்லிவிட வேண்டும், அவை பூவுக்குக் கிளம்புவதற்கு முன்னால்.