எட்டு மணிக்கு ஆடுற முள்ளு

இல்ல சார், நான் குடிச்சிட்டு இருந்தேன்னு எவன் சொன்னாலும் அது சுத்தப் பொய். எழுதிக்கோங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு சொட்டு தொட்டுட்டு அந்தக் கன்ட்ரோல் ரூமுக்குள்ள கால் வச்சதில்ல. உட்காருங்க. ஐயையோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. டீ வரும், கொஞ்சம் நேரமாகும். பாத்திரத்துலதான் தண்ணி கொதிக்குது. கரண்டு கெட்டில் இல்ல வீட்ல. ஆமா, சிரிங்க சிரிங்க. நாட்டுல இருக்கிற கெட்டிலுக்கெல்லாம் கரண்டு அனுப்புனவன் வீட்ல கெட்டில் இல்ல. நானே சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்.

லண்டன்ல இருந்து நேரா வர்றீங்களா? ஓ, நேத்தே வந்தாச்சா. கன்ட்ரோல் ரூமையும் பாத்துட்டீங்களா? அப்ப என் நாற்காலில என் உதவியாள் கீத் உட்கார்ந்திருப்பானே. நல்ல பையன்தான். கை கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான். சரி, அது அப்புறம். நான் எப்ப திரும்பி வரலாம்? அத முதல்ல சொல்லுங்களேன். உங்க கையில இல்லையா. நீங்க எழுதுறத வச்சுத்தான மேல முடிவு பண்ணுவாங்க? அப்ப உங்க கையிலதான் இருக்கு.

திங்கக்கிழமை முழுசாவும் சொல்லணுமா? காலையில இருந்தா? அன்னிக்கு ரெண்டு ஷிஃப்டும் சேத்துப் பாத்தேன், காலை ஷிஃப்ட் பாக்குற பெர்னார்டு இடுப்பப் புடிச்சிக்கிட்டுப் படுத்துட்டான். அதனால முழு நாளும் எனக்குத் தெரியும். ஆனா சார், அசதின்னு எழுதிடாதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் கேக்குறீங்க, புரியுது. அசதின்னு எழுதினா ஃபைல் அடுக்குற ரூமுக்கு மாத்திடுவாங்க. அங்க எனக்கு என்ன இருக்கு?

எங்க வேலையே டிவி நிகழ்ச்சி நேரம் போட்ட வாரப் புத்தகத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. காலையில முதல் காரியம், அன்னிக்கு எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி, எது எப்ப முடியுதுன்னு பென்சில்ல கோடு போட்டு வச்சிக்கணும். காலைல சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு பேர் பல்லக் காட்டுவாங்களே, அது பெரிய தொல்லை இல்ல. ஜனங்க பாதி காதுல கேட்டுக்கிட்டே ரொட்டியச் சுட்டுட்டு ஓடிடுவாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துக்கான நிகழ்ச்சி. நடுவுல ஒண்ணுமே இல்லாம ஒரு அட்டைப் படத்தக் காட்டிப் பாட்டு போட்டு விட்ருவான். கீத்துக்கு அது தூக்க மாத்திரை மாதிரி. ஒரு மணிக்குச் செய்தி. மத்தியானம் குதிரைப் பந்தயம். ஒவ்வொரு பந்தயம் முடியும்போதும் முள்ளு ஒரு பொட்டு இறங்கும், தோத்தவனெல்லாம் டீ போடுறான்னு பெர்னார்டு சொல்லுவான். நாலு மணிக்குக் குழந்தைங்க நிகழ்ச்சி. அஞ்சே முக்காலுக்கு அம்மாமார் கரண்டு அடுப்பப் போடுவாங்க. ஆறு மணிக்குச் செய்தி. அதெல்லாம் அன்னிக்குத் தப்பில்லாம ஓடுச்சு. ஏட்டப் பாருங்க, என் கையெழுத்துதான், ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

முள்ளுன்னா, கரண்டோட வேகத்தக் காட்டுற அந்தப் பெரிய வட்டத்துல இருக்குமே, ஐம்பதுல நிக்கணும். எல்லாரும் ஒரே நேரத்துல கெட்டில் போட்டா சரசரன்னு இறங்கும். இறங்குறதுக்குள்ள வேல்ஸ் மலைல இருக்கிற கரண்டு ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணி தண்ணியத் திறந்து விடுன்னு சொல்லணும். ஏரித் தண்ணி மலைக்குள்ள விழுந்து கரண்டா வர்றதுக்கு நமக்கு எண்ணி இருபது செகண்டுதான். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் ஒருத்தன், டீ ஆறுற வரைக்கும் பேசுவேன். டீ இன்னும் ஆகவே இல்ல பாருங்க.

ஏழரை மணி சீரியல் மட்டும் வேற கதை சார். வாரத்துல ரெண்டு நாள், திங்களும் புதனும். அந்த அரை மணி நேரம் தெருவுல நாய் கூட நடக்காது. எட்டு மணிக்கு முடியும்போது பத்து லட்சம் கெட்டில் ஒண்ணா ஏறும். அந்த அரை மணிக்கு ரூம்ல இருக்கிற நாங்க எல்லாரும் கண்ணக் கொட்டாம உட்கார்ந்திருப்போம். முடிவு இசை ஆரம்பிச்ச உடனே ஃபோன் எடுக்கணும், அதுதான் சட்டம்.

ஆனா நான் இசைக்கு முன்னாடியே எடுத்துடுவேன். அதனாலதான் என் கை கச்சிதம்னு பேரு. அது எப்படின்னு யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. கடைசி வசனம் பேசும்போதே முள்ளு லேசா ஒரு தடவ ஆடும் சார். ஒரு மயிரிழைதான். கீத் கண்ணுக்குப் படவே படாது. அது முந்திரிக்கொட்டைக் கூட்டம். கதை முடியுறதுக்கு முன்னாடியே எழுந்து, ஒரு காத சமையலறையிலயும் ஒரு காத டிவிலயும் வச்சிக்கிட்டு கெட்டில் போடுறவங்க. அது ஆடினா அடுத்த அரை நிமிஷத்துல மிச்சப் பேரும் வருவாங்க. நான் அத வச்சு ஃபோன எடுப்பேன்.

திங்கக்கிழமையா? ஆங், சொல்றேன். அன்னிக்கு சீரியல்ல கல்யாணம். நீங்க பாக்கலையா? லண்டன்காரங்க பாக்க மாட்டீங்க, சரி. தேவாலயத்துல எல்லாரும் நிக்கிறாங்க, பாதிரியார் கேக்குறாரு, அந்தப் பொண்ணு மாட்டேன்னுட்டா. மாப்பிள்ளை மூஞ்சியவே காட்டிட்டு இருக்கான். அத்தோட முடிச்சிட்டான். நான் ஃபோன்ல கைய வச்சிக்கிட்டு முள்ளப் பாக்குறேன். முள்ளு ஆடல.

இசை ஆரம்பிச்சிடுச்சு. கேட்டுச்சு சார், காது நல்லாத்தான் இருக்கு. ரெஜ், ரெஜ்னு கீத் கூப்பிட்டதும் கேட்டுச்சு. ஆனா முள்ளு ஆடலையே. பத்து செகண்ட் ஆச்சு. அப்புறம் ஒரேயடியா எல்லாக் கெட்டிலும் ஒண்ணா விழுந்துச்சு. முள்ளு கிணத்துல போட்ட கல்லு மாதிரி போயிடுச்சு. கீத்துதான் என் கையில இருந்து ஃபோனப் புடுங்கிப் பேசினான். அதுக்குள்ள ரெண்டு ஊருக்கு கரண்டு தானா வெட்டிக்கிச்சு. பதினோரு நிமிஷம் இருட்டு. எவனும் சாகல, கடவுள் புண்ணியம். தப்பு என்னோடதுதான். கீத் மேல ஒரு வரி எழுதினீங்கன்னா நான் லண்டனுக்கே வந்து சண்டை போடுவேன், சொல்லிட்டேன்.

ஏன் காத்திருந்தேன்னு கேக்குறீங்க. கேக்கத்தான வந்தீங்க.

தண்ணி கொதிச்சிடுச்சு, இருங்க. பால் ஊத்தட்டுமா? சர்க்கரை? பிஸ்கட் நமுத்துப் போயிருக்கும், மன்னிச்சுக்கோங்க. ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட் தீர மாட்டேங்குது.

இல்ல, என் வீட்டுக்காரி வெளிய போகல. மியூரியல் போய்ப் பதினாலு மாசமாச்சு. சாவெல்லாம் இல்ல சார், அப்படிப் பாக்காதீங்க. விட்டுட்டுப் போயிட்டா. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா மேஜை மேல ஒரு சீட்டு. தேடாதீங்க, நான் நல்லாத்தான் இருப்பேன்னு எழுதியிருந்தா. வேற எதையும் எடுக்கல, துணிமணியும் அந்தக் கெட்டிலும்தான். ஏன் கெட்டில்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவ மேல குத்தம் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமா ஊர்ல எல்லாரும் புருஷனோட உட்கார்ந்து சீரியல் பாத்தப்ப, அவ தனியா உட்கார்ந்து பாத்தா. நான் ஊருக்கெல்லாம் டீ போட்டுட்டு இருந்தேன். ஒரு நாள், ரெஜ், எனக்கு ஒரு கப்பு நீ போட்டுக் குடுத்திருக்கியான்னு கேட்டா. நான் சிரிச்சேன். எனக்குப் புத்தி எங்க போச்சோ.

எங்க இருக்கான்னு தெரியாது. பையன் கனடாவுல. அவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறான். சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கானாம். ஆனா ஒண்ணு சார், அந்தச் சீரியல அவ விட மாட்டா. ஜுரம் அடிச்சாலும் விட மாட்டா. கடைசி வசனம் முடியுறதுக்குள்ள எழுந்துடுவா. லீவு நாள்ல நான் கத்துவேன், ஏண்டி, முழுசாத்தான் பாத்துட்டு எழுந்திரிச்சா என்னன்னு. எல்லாரும் போடுறதுக்கு முன்னாடி போட்டாத்தான் சீக்கிரம் கொதிக்கும்பா. அப்படியெல்லாம் இல்லன்னு கரண்டு ஆபீஸ்காரன் நான் சொன்னா நம்ப மாட்டா.

ஒருத்தி கெட்டில் முள்ளுல தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா சார்? முப்பத்தோரு வருஷம். ஆனா அந்த முந்திரிக்கொட்டைக் கூட்டத்துல அவ இருப்பாள்ல. திங்களும் புதனும் எட்டு மணிக்கு அது லேசா ஆடும்போது, சரி, எழுந்துட்டா, கெட்டில் போட்டுட்டான்னு நினைச்சிக்குவேன். அவ்வளவுதான். அது போதும், அடுத்த எட்டு மணி வரைக்கும் ஓடிடும். அன்னிக்கு அது ஆடல. கல்யாணப் பொண்ண வாயப் பொளந்து பாத்துட்டு ஒருத்தரும் எழுந்திரிக்கலைன்னு இப்போ புரியுது. அப்போ புரியல சார். அவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னுதான் தோணுச்சு. இரு, இதோ எழுந்துடுவா, இதோ எழுந்துடுவான்னு பாத்துட்டே இருந்துட்டேன்.

இத எழுதுங்க, எழுதாம விடுங்க, உங்க இஷ்டம். அசதின்னே எழுதுங்க, போகட்டும், ஃபைல் ரூம்னா ஃபைல் ரூம். டீ ஆறுது, குடிங்க.

நேத்து புதன்கிழமை. நீங்க எட்டு மணிக்கு கீத் பக்கத்துலதான நின்னீங்க? இசை வர்றதுக்கு முன்னாடி, கடைசி வசனத்துல, அந்த முள்ளு கொஞ்சமாச்சும் ஆடுச்சா சார்?