நட்டு போடாத போல்ட்

உங்கள் நாற்காலி ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. பின்னங்காலில் ஒரு ஸ்க்ரூ போட்டால் சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள். ஆடுகிற எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. தொழில் அப்படி.

கேட்டதற்கு வருகிறேன். சாலையோரத்தில் நீங்கள் கண்டெடுத்த போல்ட் அறுந்து விழவில்லை. அறுந்திருந்தால் மரை நைந்திருக்கும் என்று நீங்கள் சொன்னது சரிதான். காலமெல்லாம் வண்டிப் பட்டறையில் இருந்துவிட்டு அதை இல்லை என்று சாதிக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த பிக்கப் நான் இளவயதில் வாங்கியது. என் மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனதும் அதில்தான், மகளோடு திரும்பி வந்ததும் அதில்தான். மனைவி போனபிறகு வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்குக் கல்யாணமானதும் மாப்பிள்ளை எங்கள் தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டார். தச்சுவேலை செய்கிறவர். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்கு வருவாள். உடம்பெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டு போய் அம்மாவிடம் திட்டு வாங்குவாள்.

பிறகு மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரவேலைக் கூடத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போவதென்று முடிவுசெய்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்கள்.

"என்னப்பா, கடல் தாண்டியா போறோம்? நெனச்சா வந்துடப்போறோம்," என்றாள் மகள்.

"மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க. உங்களுக்குன்னு ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன்," என்றார் மாப்பிள்ளை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. கைகால் நன்றாக இருக்கும்போது இன்னொருவர் வீட்டு மூலையில் போய் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் இங்கே இருப்பதுதானே நியாயம்.

சொல்லிப் பார்த்தேன். மகளின் காலில் விழாத குறை. சாப்பிடாமல் கிடந்தேன். அவள் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த அறையில் பெட்டி கட்டப் போய்விட்டாள். டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சாமான் ஏற்ற பிக்கப்பைக் கேட்டார்கள். ஸ்டியரிங் ஆடுகிறது, சரிசெய்து தருகிறேன் என்றேன். அது பொய் இல்லை, ஆடத்தான் செய்தது. முழுதாகக் கழற்றினேன். பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தேன். ஸ்டியரிங் தண்டு கீழே இறங்கி ஒரு இணைப்புக்குள் பல்லோடு பல்லாக உட்காரும். அது வெளியே வராமல் குறுக்கே ஒரு போல்ட், அந்த போல்ட்டுக்கு ஒரு நட்டு. ஓட்டுகிறவரின் உயரத்துக்கு ஏற்றபடி தண்டை மேலே கீழே நகர்த்தலாம். நான் மேலே ஏற்றினேன். பல் நகக்கண் அளவுக்குத்தான் பிடித்திருந்தது. போல்ட்டை நுழைத்தேன். நட்டு போடவில்லை.

பட்டறையைத் தாண்டினால் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். எந்த வண்டியும் அங்கே ஊர்ந்துதான் போகும். அங்கே கழன்றால் எதிலாவது முட்டி நிற்கும், பயணம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் மனசு மாறும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்தேன். நினைத்தபடியே முதல் குழியில் கழன்றது. ஸ்டியரிங் வெறுமனே சுற்றியது. வண்டி ஒரு வேலிக்கம்பத்தில் மெல்ல முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, உங்க கை பட்ட வண்டியே இந்த லட்சணமா?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பட்டறை வாசலிலேயே கழன்றால் என் பெயர் என்னாவது? தண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கினேன். போல்ட்டைக் கையால் அழுத்தி ஒரு திருகு திருகினேன், நட்டு மட்டும் அப்போதும் போடவில்லை. அந்தக் குழிகளை அது தாங்கும். எதைத் தாங்காது என்று கேட்கிறீர்கள். மலை இறக்கத்தைத் தாங்காது. தெரியும், ஐயா.

மகளும் பேத்தியும் பஸ்ஸில், மாப்பிள்ளை மட்டும் சாமானோடு வண்டியில். அப்படித்தான் ஏற்பாடு. அது எனக்கு முன்பே தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பேத்தி அடம்பிடித்தாள். "நான் அப்பாகூட பிக்கப்லதான் வருவேன்."

மகள் என்னைப் பார்த்தாள். "என்னப்பா, அனுப்பலாமா? வண்டி நல்லாத்தானே இருக்கு?"

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அண்டை அயலார் எல்லாம் வழியனுப்ப நின்றுகொண்டிருந்தார்கள், அந்த எதிர்க்கடைக்காரரும்தான். ஒரு வார்த்தை போதும் என்று தெரிந்தது. அந்த வார்த்தை வரவில்லை, வேறொன்று வந்தது.

"என் கையால பூட்டினதும்மா," என்றேன்.

பேத்திக்கு சீட் பெல்ட்டை நானே போட்டுவிட்டேன். நன்றாக இறுக்கிப் போட்டேன். மலை இறக்கத்தில் வண்டி உருண்டபோது அவள் பிழைத்ததே அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். பேத்திக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மகள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அதிகம் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இருக்கிறாள். குழந்தையைக் கட்டிலிலிருந்து தூக்குவது, குளிக்கக் கொண்டுபோவது, ஜன்னலோரம் உட்காரவைப்பது எல்லாம் நான்தான்.

நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள், ஐயா. என்னை இங்கே வைத்துக்கொண்டால் அந்தக் குழந்தையை யார் தூக்குவார்கள்? நான் இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாள்கூட ஓடாது. ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள்தான் கேட்கவில்லை.